பிரெஞ்சு மண்ணில் ஆங்கில வாத்தியார்

காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் எங்கள் தாத்தாவின் நிலப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. பிழைப்புக்கு நான் கற்றுக்கொடுத்ததோ ஆங்கிலம்.

1739-இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த காலம் போக, 1954 நவம்பர் 1 வரை ஆண்டார்கள். சுற்றிலும் பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா. அங்கே உத்தியோகத்துக்கு இங்கிலீஷ். இங்கே கோர்ட்டுக்குப் பிரெஞ்சு. இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவோடு சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. ஏட்டில் பிரெஞ்சு இருந்தது. கல்லூரி வகுப்பில் ஆங்கிலம் உட்கார்ந்துகொண்டது.

அதற்குக் காரணம் சென்னைப் பல்கலைக்கழகம். புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் வரும்வரை எங்கள் கல்லூரிகள் சென்னையோடுதான் இணைந்திருந்தன. பட்டப்படிப்பின் பகுதி ஒன்றில் தமிழோ பிரெஞ்சோ எடுக்கலாம். பகுதி இரண்டு, ஆங்கிலம், யாருக்கும் தப்பாது. பிரான்சில் அப்பா வேலைபார்த்த பையனும், நெடுங்காட்டுப் பக்கம் நாற்று நட்டுவிட்டு வந்த பெண்ணும் ஒரே பெஞ்சில் ஷேக்ஸ்பியர் படித்தார்கள்.

இலக்கிய வகுப்பைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பொது ஆங்கில வகுப்புதான். வணிகவியல், கணிதம் என்று மாணவர்கள் கலந்து உட்காருவார்கள். ஒரு பத்தி வாசிப்பேன், தமிழில் கதையாகச் சொல்வேன், மறுபடி வாசிப்பேன். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்ற மூத்தவர்கள் உண்டு. அவர்கள் வகுப்பில் பின்வரிசை எப்போதும் காலி.