வாவிக்கரைப் பள்ளிகளும் பெற்றோரும்

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் படங்கள் வரும். கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகள் வரும். பல்கலைக்கழகம் சென்றோரின் பட்டியலும் வரும். பிள்ளையை அனுப்பிவைத்த தாய்தகப்பனுக்கு ஒரு பக்கமும் இராது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பெண்பிள்ளைகள் படித்த கதையை அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் காலமானார். ஒரு வருடம்கூட நிறையாத அக்காலத்துக்குள் பல பள்ளிகளைத் தொடங்கினார்; இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை தன் தொடக்கத்தை 1820 எனக் கொள்கிறது. ஆனால் படுவான்கரையின் வெள்ளாமைக் கிராமங்களுக்கு இவையெல்லாம் அக்கரைச் சங்கதி. 1924இல் கல்லடியில் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் படுவான்கரையின் பல ஊர்களுக்குப் பின்னரும் நெடுங்காலம் ஓடமும் பாதையுமே துணை.

ஏழைப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று அந்நாளிலிருந்தே எழுதிவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போடியாரின் வயலில் வேலைசெய்யும் குடும்பம் வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வாடியிலேயே கிடக்கும். கைக்குழந்தையைப் பார்க்கவும் குருவி துரத்தவும் பிள்ளை வேண்டும். 1907இல் வந்த கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் விதித்தது. குற்றப்பணம் கட்ட வழியில்லாதவனுக்கே குற்றப்பணம்!

வேறு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1925இல் இலங்கை திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பாடசாலைகளோடு ஏழை, அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் உறைவிடமும் தரும் மாணவர் இல்லங்களையும் மிஷன் நடத்தியது. பிள்ளைக்குச் சோறு போட வழியற்ற வீட்டிடம் படிப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் சோற்றுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்திலும் திருவேட்களத்துச் சேரிக்குத் தாமே நடந்துசென்று பாடம் சொன்னவர் அவர்.

எங்கள் பக்கத்து வழமை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். தமிழரிடத்தில் குடி வழியும் தாய் வழிதான். எனவே பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பவர்களுள் தாய், அம்மம்மா, தாய்மாமன் ஆகியோர் முக்கியமானவர்கள். பாடசாலையோ 'தந்தையார் அவர்களுக்கு' என்றே கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது.

எழுபதுகளில், என் அக்காள் பெரியபிள்ளையானதும் மறிக்கப்பட்டாள். ஒரு சனிக்கிழமை எமது அதிபர் அம்மையார் குறுமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூர்ப் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் பள்ளிக்கூடம் என்ற சொல்லே வரவில்லை. வெற்றிலை போட்டார், வெள்ளாமை எப்படி என்று கேட்டார். பிறகுதான் அம்மம்மாவிடம் காரணம் கேட்டார்.

"பாதையில ஆம்புளையளோட குமர்ப்புள்ளையத் தனிய விடேலா ரீச்சர்" என்றார் அம்மம்மா.

கல்வியின் பெருமை பற்றி அம்மையார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த கிழமை, அதே பாதையில் தினமும் போய்வரும் ஆசிரியை ஒருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார். திங்கட்கிழமை அக்காள் பள்ளிக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து அவளோடு நானும்.

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் சீருடைத் துணி. இவை பெற்றோரின் சுமையைப் பெரிதும் குறைத்தன. அதே வேளை, 1960-61 சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தபின், அதிபர்கள் இடமாற்றத்துக்கு உட்பட்ட உத்தியோகத்தர் ஆயினர். பொறுப்பேற்பு நியாயமானதே. ஆனால் மூன்று வருடத்தில் மாறிப்போகும் அதிபருக்கு எந்த வளவில் யார் மூத்தவள் என்று எப்படித் தெரியும்?

பின்னர் போரும் சோதனைச் சாவடிகளும், 2004இன் கடற்கோளும். எண்பதுகள் முதல் தாய்மார் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போனார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயைத் தடுக்க 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பலர் அம்மம்மாவின் கையிலேயே வளர்ந்தார்கள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 4.1, மட்டக்களப்பில் 11.3.

இன்றும் பெற்றோர் கூட்டத்தில் கதிரைகள் காலியாய்க் கிடக்கின்றன என்று ஆசிரியைகள் குறைப்படுகிறார்கள். கூட்டம் என்றால் காசு கேட்பார்கள் என்ற பயம் ஒன்று. நுண்கடன் தவணை கட்டும் நாளிலேயே கூட்டம் வைப்பது இன்னொன்று. கிழமை நாளை மாற்றினாலே பாதிப்பேர் வருவார்கள். வாசிக்கத் தெரியாத அம்மம்மாவை எல்லார் முன்னும் கையெழுத்துக் கேட்டு வெட்கப்படுத்துவதும் நடக்கிறது.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அக்கரைக்குப் போவது இலகு. எங்கள் சங்கம் வழமையாக மேடைத்திரையோ கணினியோ வாங்கிக் கொடுக்கும். இம்முறை சேரும் பணத்தில் ஒரு பங்கை, வரவு குறைந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் ஆசிரியைகளின் பயணச் செலவுக்கு ஒதுக்கும்படி நிருவாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை.