சானடோரியம் ஸ்டேஷன்

சென்ற மாதம் தங்கை மகனோடு மின்சார ரயிலில் தாம்பரம் போய்க் கொண்டிருந்தேன். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. மடியில் உயிரியல் புத்தகம். தொற்று நோய்ப் பாடத்தை நெட்டுருப் போட்டுக் கொண்டிருந்தான். குரோம்பேட்டை தாண்டியதும், "அடுத்த ஸ்டேஷனுக்கு ஏன் மாமா சானடோரியம்னு பேர்?" என்று கேட்டான். அவன் படிக்கும் பாடமே ஜன்னலுக்கு வெளியே நிற்பது அவனுக்குத் தெரியவில்லை.

சௌரி முத்து என்ற டாக்டர் 1928-ல் அங்கே 12 படுக்கைகளோடு க்ஷயரோக ஆஸ்பத்திரி தொடங்கினார். முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுப் பக்கம், அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிறிது காலம் சிகிச்சை பெற்றார். (ராமானுஜனுக்கு வந்தது க்ஷயமே அல்ல என்று பிற்காலத்தில் வாதாடியவர்கள் உண்டு, அது தனிக் கதை.) அப்போது க்ஷயத்துக்கு மருந்து கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக் கொண்டது.

"நோயாளியை ஊருக்கு வெளியே வெச்சா ஊருக்குள்ளே பரவாது. அதானே மாமா?" என்றான்.

உலகமே அப்படித்தான் நினைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி வீட்டிலேயே, அதே இடுக்கு அறையில், அதே அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அதைவிட ஆச்சரியம், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் கிடந்த பெண்டு பிள்ளைகளுக்கு, மற்ற வீடுகளைவிட அதிகமாக நோய் வரவில்லை!

காரணம் எளியது. இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கிறது. ஆனால் தக்க மருந்து உள்ளே போனதும் பரப்பும் சக்தி வெகு சீக்கிரம் குறைந்துவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே, இன்ன நோய் என்று தெரியாமல் இருமிய மாதங்களில் தொற்றியதுதான். ஆக, பயப்பட வேண்டியவன் மாத்திரை சாப்பிடுகிற நோயாளி அல்ல. சளியைச் சோதித்துக் கொள்ளாதவன்.

1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளையும் தாம்பரத்தில் சேர்த்துக் கொண்டார்கள். பல ஆஸ்பத்திரிகள் தயங்கிய காலம் அது. எதிர்ப்புச் சக்தி குலைந்தவர்களைத்தான் க்ஷயம் முதலில் பிடிக்கும். ஆகவே இடம் பொருத்தமானதுதான். எய்ட்ஸ் ரத்தத்தின் வழியாக, உடலுறவின் வழியாக, தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுமே தவிர, காற்றில் பரவாது. ஜனங்கள் அதற்கும் மூக்கைத்தான் மூடிக் கொண்டார்கள்.

மூக்கு என்றதும் என் அத்தை ஞாபகம். ரயில் சானடோரியத்தில் நின்றால் போதும், முந்தானை மூக்குக்குப் போய்விடும். என் மூக்கையும் சேர்த்துப் பொத்துவாள். அப்போது அவள் வீட்டில் அத்திம்பேர் ஆறு மாதமாக இருமிக் கொண்டிருந்தார். "சளியைப் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றால், "சானடோரியத்தில் தள்ளிவிடுவார்கள்" என்று இருவருமே பிடிவாதமாக மறுத்தார்கள். ரத்தம் வந்த பிறகுதான் போனார். வீட்டாரையும் பரிசோதித்தார்கள், அத்தைக்கும் இருந்தது.

இருவரும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார்கள். மறு வருஷம் அத்தையோடு அதே ரயிலில் போனேன். சானடோரியம் வந்தது. முந்தானையை எடுத்துக் கொண்டாள்.