தீப்பிடிக்காத வீடு

வீட்டில் தீப்பிடித்தால் வெளியேற இரண்டு வழியாவது இருக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பின் முதல் பாடம். சேரிக் குடிசைக்கு ஒரே வாசல்தான், அதிலும் குனிந்துதான் நுழைய வேண்டும். இதை ஏழ்மை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஏழ்மை பாதிக் காரணம்தான். கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடியிருந்த மனை மிராசுதாருக்குச் சொந்தம். நாளைக்கே காலிசெய் என்று சொல்லக்கூடிய இடத்தில் யார் செங்கல் வைப்பார்கள்? மண்சுவர், மூங்கில், கீற்று: விரட்டினால் விட்டுவிட்டுப் போகக்கூடிய பொருட்களால்தான் அந்த வீடுகள் ஆனவை. குடியிருந்த மனையைக் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் குற்றம். அடியாட்கள் தெருவுக்குள் புகுந்தபோது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். சின்னஞ்சிறு குடிசை. கதவு வெளியிலிருந்து அடைக்கப்பட்டது. கூரையில் தீ வைக்கப்பட்டது. 44 பேர். கீற்றுக்கூரை சில நிமிடங்களில் பற்றி உள்ளே சரியும். புகை அதற்கும் முன்னால் மூச்சை அடைக்கும். சன்னலோ பின்வாசலோ இருந்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. வெளியே ஆயுதத்தோடு நின்றவர்களை மறந்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி அது. கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற வாதம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் அதைத் தேடி முழுமையாகப் படிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1974இல், தாட்கோ தொடங்கப்பட்டது. இன்று அதைக் கடன் கொடுக்கும் அலுவலகமாகத்தான் நமக்குத் தெரியும். அது தொடங்கப்பட்டது ஆதிதிராவிடருக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித்தர. வேறெந்த மக்களுக்கு வீடு கட்டும்போதும் அரசு இப்படியொரு அடைமொழியைத் தேடியிருக்காது. சேரி எரியும் என்பது அரசுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் நாங்கள் அதை வாசிக்கிறோம். யார் எரிப்பார்கள் என்பதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

கான்கிரீட் வந்த பிறகு என்ன ஆனது? 2012 நவம்பர் 7, தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. வெளியூர்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய மெத்தை வீடுகளும் தப்பவில்லை. கூரை எரியாது என்பதால் கட்டில், பீரோ, துணிமணி என்று உள்ளே இருந்தவற்றை எரித்தார்கள். சனம் முன்பே ஓடிவிட்டதால் உயிர்கள் தப்பின. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் தப்பவில்லை. இது தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே நம் தெருக்களில் தீயைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் பேச வேண்டியிருக்கிறது. அடுப்புத் தீ, மின்கசிவுத் தீ ஒருபக்கம்: குடிசைக்குப் பின்பக்கம் ஒரு திறப்பு, கதவை அடைக்காத சாமான்கள், புகையில் தவழ்ந்து வெளியேறப் பிள்ளைகளுக்குப் பழக்கம், எல்லாரும் வந்து கூடி ஆள் எண்ணிப் பார்க்க ஒரு வேப்பமரத்தடி, தீயணைப்பு வண்டி நுழைகிற அளவுக்குப் பாதை. பாதை கேட்டு மனுக் கொடுப்பதே பல ஊர்களில் சாதிச் சண்டையாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. சான்றிதழ், பட்டா, சாதிச் சான்று எல்லாவற்றையும் டிஜிலாக்கரிலோ வெளியூர் உறவினரிடமோ நகலாக வைத்திருங்கள்.

வைத்த தீ என்றால் சட்டம் வேறு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவின்படி, குடியிருக்கும் வீட்டை அழிக்கத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை. 1995 விதிகளின்படி, முற்றிலும் எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித்தர வேண்டும். காவல் நிலையத்தில் 'தீ விபத்து' என்று எழுதிவிட்டால் இந்த இரண்டையும் பெறுவது பெரும்பாடு. முதல் தகவல் அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.