டூ-இன்-ஒன்னும் அதன் மெக்கானிக்கும்

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய சிறிய ஒலிநாடாப் பேழை, அதாவது கேசட், உயர்தர இசையை மனத்தில் வைத்து உருவானதன்று. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு, கையில் எடுத்துச் செல்லக்கூடிய எளிய பதிவுக் கருவி ஒன்றுக்காகவே அதை வடிவமைத்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற அளவுகளை மாற்றாமல் பின்பற்றும் பிற நிறுவனங்களும் கட்டணமின்றித் தயாரிக்கலாம் என்று 1960களின் நடுவில் பிலிப்ஸ் இசைந்ததற்கு, சோனி முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் நெருக்குதலும் ஒரு காரணம். வணிக வரலாறுகள் இதை விற்பனை உத்தியாகவே பேசுகின்றன. பழுதுபார்ப்பவர் பக்கமிருந்து பார்த்தால் இதன் விளைவு வேறு: எந்த நாட்டில் செய்யப்பட்ட கருவியும் உள்ளுக்குள் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்கியாக வேண்டியிருந்ததால், ஒன்றைப் பிரித்துப் பழகியவருக்கு மற்றொன்று அந்நியமாக இருக்கவில்லை.

வானொலியையும் கேசட் பதிவியையும் ஒரே பெட்டிக்குள் வைக்கும் முயற்சியையும் 1966இல் பிலிப்ஸே தொடங்கியது. ஆயினும் அதை இரண்டு ஒலிபெருக்கிகளும் கைப்பிடியும் கொண்ட ஸ்டீரியோவாக, அதாவது இடம் வலம் எனப் பிரித்து ஒலிக்கும் கருவியாக வளர்த்து உலகெங்கும் விற்றவர்கள் 1970களின் ஜப்பானியர்களே. நியூயார்க் இளைஞர்கள் தோளில் சுமந்து திரிந்த ஜேவிசி, ஷார்ப் பெட்டிகள் ஹிப்-ஹாப் இசையின் அடையாளமாயின. தமிழ்நாட்டிலோ அதே பெட்டி வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறையில் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக், சோனி, சான்யோ கருவிகள் ‘டூ-இன்-ஒன்’ என்ற பெயரில் வீட்டு முன்னறையில் இடம்பிடித்தன. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி அமைந்த பர்மா பஜார், உறவினர் எவரும் வெளிநாட்டில் இல்லாதவர்களுக்கும் அவை கிடைக்க வழிசெய்தது.

இவ்வாறு வந்த கருவிகளுக்கு நிறுவனத்தின் சேவை மையம் பெரும்பாலும் எட்டாத தொலைவில் இருந்ததால், அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு ஊர்க் கடைத்தெருவின் ரேடியோ மெக்கானிக்கிடம் வந்தது. வால்வு ரேடியோவில் தொடங்கி டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்த அவரிடம், சுற்றின் வரைபடம் பெரும்பாலும் இருக்காது; ஒலி எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்பதை அறிய, வால்யூம் கன்ட்ரோலின் நடுமுனையை ஸ்குரூ டிரைவரால் தொட்டு ‘உர்’ என்ற இரைச்சல் கேட்கிறதா என்று பார்ப்பார். கேட்டால் ஒலிபெருக்கும் பகுதி நலமாக உள்ளது, பழுது அதற்கு முன்னால், கேட்காவிட்டால் பின்னால். ஒரு நொடியில் பாதிச் சுற்றை ஐயத்திலிருந்து விலக்கிவிடும் இந்த முறை எளியதாகத் தோன்றினாலும், பொறியியல் கல்லூரிகள் கற்பித்த எந்தச் சோதனைக்கும் அது குறைந்ததன்று. சென்னையில் இத்தொழிலின் களஞ்சியமாக விளங்கியது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ஹெட், மோட்டார், பெல்ட், கண்டென்சர், ஐ.சி. ஆகியவை அங்கிருந்தே மாவட்டத் தலைநகரங்களின் கடைகளுக்குப் போயின.

அன்றும் இன்றும் இக்கருவிகளைப் பெரும்பாலும் முடக்குவது மின்னணுப் பகுதியன்று, ரப்பர். மோட்டாரின் சுழற்சியைச் சிறு ரப்பர்ப் பட்டையான பெல்ட் ஒரு கனமான சக்கரத்திற்குக் கடத்துகிறது. அச்சக்கரத்தின் நடுவிலுள்ள மெல்லிய எஃகுத் தண்டுக்கும் அதன்மேல் அழுந்தும் பின்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளைக்கும் இடையே அகப்பட்டே நாடா சீரான வேகத்தில் நகர்கிறது. பெல்ட் தளர்ந்தால் பாடகரின் குரல் இழுபடும். வந்த நாடாவைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய சுழலி வலுவிழந்தால், உருளை தொடர்ந்து தள்ளும் நாடா போக்கிடமின்றி உள்ளே சுற்றிக்கொள்ளும். கேசட்டை டேப் ரெக்கார்டர் ‘தின்றுவிட்டது’ என்று வீடுகளில் சொல்லப்பட்டது இதைத்தான். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டினுடையதைவிட மெல்லியது என்பதால் இவ்விபத்து அதில் எளிதில் நேர்ந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் ரப்பர் விரைவில் கெட்டது; சிலவகைப் பெல்ட்டுகள் காலப்போக்கில் தார்போல உருகிச் சக்கரங்களில் ஒட்டிக்கொள்ள, அதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுப்பதே புதுப் பெல்ட் மாட்டுவதைவிட நீண்ட வேலையாயிற்று. அதன் பிறகு மோட்டாரின் பின்புறத் துளைக்குள் சிறு திருகியை நுழைத்து வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். அளவுகோலாகப் பயன்படும் சோதனை நாடா இல்லாத மெக்கானிக், நன்கு பழகிய திரைப்பாடல் ஒன்றின் சுருதியையே நம்பினார்.

ஹெட், அதாவது நாடாவிலுள்ள காந்தப் பதிவை மின்னலையாக மாற்றும் உறுப்பு, இன்னொரு நுட்பமான சிக்கலை உடையது. அதன் முகப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி உண்டு. அது நாடாவின் ஓட்டத்திற்குச் சரியாகச் செங்குத்தாக நிற்காவிட்டால் உச்ச ஒலிகள் மங்கி, பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பக்கத்திலுள்ள ஒரு சிறு திருகாணியைச் சற்றே திருப்பினால் தெளிவு திரும்பிவிடும் என்பதால், வாடிக்கையாளர் கொண்டுவந்த கேசட்டையே ஓடவிட்டு அதற்கேற்ப மெக்கானிக் திருப்பிவிடுவது வழக்கமாயிற்று. பாடல் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பதிவுசெய்து வாங்கிய கேசட்டுகளின் காலத்தில், அந்தக் கடையின் பதிவுக் கருவியே கோணலாக இருந்தால் அக்கோணல் வீட்டுக் கருவிக்கும் இடம்பெயர்ந்தது. தூய்மைவாதிகள் இதைக் குற்றமாகக் கருதலாம். கேட்பவருக்குத் தம்மிடமுள்ள நாடாக்கள் தெளிவாக ஒலித்தால் போதும் என்ற நிலையில் மெக்கானிக் செய்தது சரியே.

ஹெட்டின் இந்தக் கோணம் குரல் பதிவுகளுக்கும் முக்கியமானது. தொலைபேசி அரிதாக இருந்த நாட்களில் வளைகுடாவிலிருந்தவர்களும் ஊரிலிருந்த குடும்பத்தினரும் கேசட்டில் பேசிப் பதிந்து, வந்துபோவோரிடம் கொடுத்தனுப்பினர். ஒரு கருவியில் பதிந்த குரல், ஹெட்டின் கோணம் மாறாதவரை, அதே கருவியில்தான் மிகத் தெளிவாகக் கேட்கும். ஆகவே ஊரில் பதிவான பழைய பேச்சைக் கேட்க விரும்புபவர் புதிய கருவி வாங்குவதைவிட வீட்டிலிருக்கும் பழையதைச் சீர்செய்வது பொருத்தம். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், திருகாணியை மட்டும் அவசரப்பட்டுத் தொடலாகாது.

மின்பகுதியின் பழுதுகள் இத்தனை சுவையானவையல்ல. கருமை படிந்த பதிவு-ஒலிப்பு மாற்றுச் சாவி, கரகரக்கும் வால்யூம், உலர்ந்த கண்டென்சர், செல் கசிந்து அரித்த செப்புத் தடம் ஆகியவையே பெரும்பாலும் காணப்படுபவை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான கருவிகள் மட்டும் தனித் தொல்லை கொடுத்தன: 100 வோல்ட்டுக்கு அமைந்த அவற்றை இங்குள்ள மின்னிணைப்பில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும்; அன்று அங்கு பண்பலை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே இருந்தது என்பதால், இங்குள்ள பெரும்பாலான எஃப்.எம். நிலையங்களும் அவற்றில் கிடைப்பதில்லை.

குறுந்தகடும் பின்னர் எம்பி3 வடிவமும் வந்தபின் கடைகள் செல்பேசிப் பழுதுக்கு மாறின. 2010இல் சோனி ஜப்பானில் கேசட் வாக்மன் தயாரிப்பை நிறுத்தியது. அதே காலத்தில், 2009ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பழுதுபார்க்கும் கூடங்கள், உடைமையாளரே அருகிலிருந்து பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பின. தமிழ்நாட்டில் இவ்வேலை வீட்டு மேசைக்கு வந்ததற்குக் காரணம் அத்தகைய இயக்கமன்று, மெக்கானிக் இல்லாமற்போனதே. இன்று புதிதாகச் செய்யப்படும் கேசட் இயக்கப்பகுதிகளில் பெரும்பாலானவை, டனாஷின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழைய எளிய வடிவத்தைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படும் நகல்கள். கனமான சக்கரமோ தரமான ஹெட்டோ அவற்றில் இல்லை. உள்ளுறுப்புகளை அகற்றிவிட்டுப் புளூடூத் பலகையைப் பொருத்தும் இக்கால வழக்கம் பெட்டியை மட்டுமே காப்பாற்றுகிறது. பரணில் டூ-இன்-ஒன் வைத்திருப்பவர்கள், மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் பாட்டரி அறையைத் திறந்து, மறந்துபோன செல்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.