தாய்க்குணம் மறவாத நோய்

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு. இரத்தத்திலுள்ள அயோடினை ஈர்த்து, உடலின் இயக்கத்தை ஆளும் ஹார்மோன்களை ஆக்குவது அதன் தொழில். அங்குத் தோன்றும் புற்றுநோயில் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை. அறுவை சிகிச்சைக்கு இணங்குபவை. ஆனால் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து மீண்டும் தலைதூக்கவும் வல்லவை. அவ்வாறு மீண்ட நோயொன்றின் கதையைக் கூற விழைகிறேன்.

நியூயார்க் நகரின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் ஒருவர் சிகிச்சை பெற்றார். அவருடைய தைராய்டு பல ஆண்டுகளுக்கு முன்னரே அகற்றப்பட்டிருந்தது. ஆயினும் அச்சுரப்பு மிகுந்தவர்க்குரிய குறிகள் அவரிடம் காணப்பட்டன. சுரப்பியே இல்லாதவருக்குச் சுரப்பு எங்கிருந்து வந்தது? உடலின் பிற இடங்களில் குடியேறிய புற்றணுக்களே தாய்ச் சுரப்பியின் தொழிலைச் செய்துவந்தன!

மருத்துவர் சாமுவேல் சீட்லின் இதனை நன்கு பயன்படுத்திக்கொண்டார். ஹார்மோனை ஆக்கும் அணுக்கள் அயோடினை நாடித்தானே ஆகவேண்டும்? அந்த அயோடினே கதிர் வீசுவதாயின்? 8 நாளில் பாதியாகத் தேயும் அயோடின் 131-ஐ லிவிங்குட், சீபோர்க் என்னும் அறிஞர்கள் 1938-இல் கண்டறிந்திருந்தனர். 1943-இல் சீட்லின் நோயாளிக்குக் கதிரியக்க அயோடினை அருந்தக் கொடுத்தார். அது புற்றணுக்கள் தங்கிய இடங்களைத் தானே தேடிச் சென்று சேர்ந்தது. மரினெல்லி, ஓஷ்ரி ஆகியோருடன் அவர் 1946-இல் இதனை வெளியிட்டார்.

இதனை அற்புதம் என்று புகழ்ந்தோர் உண்டு. அது சற்று மிகையென்றே நான் கருதுவேன். நோய் முற்ற முற்றப் புற்றணுக்கள் சில, தாய்க்குணத்தை இழந்து அயோடினைப் புறக்கணிக்கின்றன. அப்போது மருந்து வாயில்வரை சென்று திரும்புகிறது. நோயோ விரைந்து பரவுகிறது. எனவே நோய் மீள்வதை முன்கூட்டி அறிவது இன்றியமையாததாயிற்று. தைரோகுளோபுலின் என்னும் புரதம் இரத்தத்தில் மிகுவது பரவிய நோயின் அறிகுறியென 1975-இல் எடுத்துக்காட்டப்பட்டது. சுரப்பி முழுதும் நீக்கப்பட்டவர்க்கு இன்றும் இச்சோதனை ஒரு காவலாக நிற்கிறது.

அயோடினை ஏலாத நோய்க்கு அமெரிக்காவில் 2013-இல் சோரஃபெனிபும் 2015-இல் லென்வாட்டினிபும் ஒப்புதல் பெற்றன. இவை நோயின் வளர்ச்சியைத் தாமதிக்கச் செய்பவை, வேரறுப்பவை அல்ல. எனினும் 2013-இல், அதே நியூயார்க் நகரில், மற்றொரு வழியும் ஆராயப்பட்டது. மறந்த குணத்தை அணுக்களுக்கு நினைவூட்டும் நோக்குடன் செலுமெடினிப் என்னும் மருந்து 20 பேருக்கு அளிக்கப்பட்டது. 12 பேரிடம் அயோடின் ஏற்பு கூடியது. அவருள் 8 பேர் மீண்டும் கதிரியக்க அயோடினைப் பெற்றனர். 5 பேருக்குக் கட்டிகள் சுருங்கின.