உழைக்க விழையும் கரங்கள்

ஓய்வுநாளில் நம் ஆண்டவர் நலமாக்கிய சூம்பிய கையர் ஒரு கொத்தனார் என்றும், பிச்சை எடுக்கும் இழிவு நீங்க உழைக்கும் கையையே அவர் வேண்டினார் என்றும் பழைய மரபொன்றைப் புனித எரோணிமுஸ் குறித்துள்ளார். அவ்வேண்டுதலை அரசுகள் உணர நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க வரலாறு இதற்குச் சான்று.

1956-இல் அந்நாடு ஊனமுற்ற தொழிலாளர்க்கு உதவித்தொகை வழங்கச் சட்டம் இயற்றியது. முதலில் 50 முதல் 64 வயதினர்க்கே அது கிட்டியது. உழைக்க இயலாது என்று மெய்ப்பித்தவரே அதைப் பெற்றனர். வேலைக்குச் சென்று, உடல் இடங்கொடாமல் திரும்பினால் கூலியும் இல்லை, உதவியும் இல்லை. இந்நிலையை மாற்றவே 1960-இல், உதவியை இழக்காமல் 9 மாதங்கள் உழைத்துப் பார்க்க இடமளிக்கப்பட்டது. 1972-இல் இயற்றிய சட்டம் அவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டையும் தந்தது. பின்னர் அதை இழக்கும் அச்சமே பலரைத் தடுத்தது.

ஊனமுற்றோரும் முழு மனித மாண்பு உடையவர்; தம் ஆற்றலுக்கேற்ப உழைக்க அவர்களுக்கு வழி வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பு பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார்.

1999-இல் வந்த சட்டம், வேலைக்குச் சென்றோர்க்கு மருத்துவக் காப்பீட்டைப் பல ஆண்டுகள் நீட்டித்தது. 5 ஆண்டுகளுக்குள் மீண்டும் நலிவுற்றால், புது விண்ணப்பமின்றியே உதவியைத் திரும்பக் கோரவும் வழிசெய்தது.

அவர்களைத் தடுத்தது சோம்பலன்று, அச்சமே. விழுந்தால் தாங்குவோம் என்று உறுதி கூறி ஒருவரை எழுந்து நடக்க விடுவதும் அன்புப்பணி அன்றோ?