கைதட்டலும் ஒரு சாட்சியம்

'மேட் இன் ஜப்பான்' இசைத்தட்டை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சைக்கிளின் தயவால். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. செய்தி முடிந்ததும் நண்பர் ஒருவர், எப்போதோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடாவைப் போடுவார். பிரதியிலிருந்து எடுத்த பிரதி. சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாடகர் இயன் கிலனின் குரலும் தளர்ந்து கீழிறங்கும். கை மாறியதும் மறுபடி மேலெழும். நாலு பேர் கூடி நின்றாலே வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்த ஊரில், எங்கோ ஒரு மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் அச்சமின்றிக் கூடிக் கைதட்டிய ஓசை எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. இசையைவிட அந்தக் கைதட்டலே எனக்கு வியப்பாயிருந்தது.

அப்போதே நான் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன். ஆதலால் வியப்புடன் ஒரு சந்தேகமும் எழுந்தது. நாங்கள் கேட்பது உண்மையிலேயே அன்று அங்கு நிகழ்ந்ததுதானா? மேடை நிகழ்ச்சி இசைத்தட்டுகளை அன்று முதல் இன்று வரை அந்தக் கேள்வியுடனேயே கேட்டு வருகிறேன்.

டீப் பேர்ப்பிள் குழுவினர் 1972 ஓகஸ்ட் 15, 16 ஆகிய நாள்களில் ஒசாக்காவிலும், 17 ஆம் நாள் டோக்கியோவின் புடோக்கான் அரங்கிலும் நிகழ்ச்சி நடத்தினர். அவற்றைப் பதிவுசெய்யும் விருப்பம் ஜப்பானிய வெளியீட்டாளர்களுடையதே. குழுவினருக்கு அதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. எனினும் பதிவு நடப்பதானால் தங்களுடைய ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பேர்ச் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். மூன்று இரவுகளின் பதிவிலிருந்து ஏழு உருப்படிகள் தெரிந்தெடுக்கப்பட்டு இரட்டைத் தட்டாயின. அவற்றுள் நான்கு ஒசாக்காவின் இரண்டாம் இரவுக்குரியவை. 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' மட்டும் முதலிரவுக்குரியது. எஞ்சிய இரண்டும் டோக்கியோவில் பதிவானவை. ஆக, ஒரே மாலை நிகழ்ச்சி போல நம் காதில் விழுவது உண்மையில் மூன்று மாலைகளின் தொகுப்பு. நாங்கள் முற்றத்தில் கேட்ட கூட்டம் ஒரு கூட்டமன்று, இரு நகரங்களின் மூன்று கூட்டங்கள்.

'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாடலைப் பற்றிப் பத்திரிகைக்காரன் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது ஒரு செய்தி அறிக்கை. 1971 டிசம்பர் 4 அன்று, சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரூ நகரச் சூதாட்ட விடுதி மண்டபத்தில் ஃபிராங்க் ஸாப்பா குழுவினரின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கட்டடம் எரிந்து போயிற்று. நல்வாய்ப்பாக எவரும் உயிரிழக்கவில்லை. அதே மண்டபத்தில் தம் அடுத்த இசைத்தட்டைப் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பேர்ப்பிள் குழுவினர், ஏரியின் மேல் புகை படர்வதைக் கண்டனர். யார், எங்கே, என்ன, எப்படி என்ற வினாக்கள் அனைத்துக்கும் அப்பாடலில் விடை உண்டு. எங்கள் ஆசிரிய பீடத்தில் புதிதாகச் சேர்வோருக்கு அதை நான் உதாரணம் காட்டியதுண்டு.

இவ்வளவு நேர்மையான செய்தியைத் தாங்கிய அந்தத் தட்டின் உறையில் ஒரு பிழை இருக்கிறது. பிரித்தானிய வெளியீட்டின் முகப்புப் படம் ஜப்பானில் எடுக்கப்பட்டதன்று, இலண்டன் மேடையொன்றில் எடுக்கப்பட்டது. இன்றைய செய்திக்குப் பழைய கோப்புப் படத்தைப் போட்டு ஒப்பேற்றிய அனுபவம் எந்த ஆசிரிய பீடத்துக்கும் உண்டு. ஆதலால் அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகையில் எனக்கு மிக உவப்பான தட்டு 'த ஹூ' குழுவினரின் 'லைவ் அற் லீட்ஸ்'. 1969 இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பதிவான நாடாக்கள் குவிந்துவிட, அவை அனைத்தையும் கேட்டுத் தெரிவுசெய்யப் பொறுமையின்றி, கிற்றார் கலைஞர் பீற் ரவுண்ஸ்ஹெண்ட் அவற்றை எரித்துவிடச் சொன்னார். பின்னர் 1970 பெப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவு மண்டபத்திலும், மறுநாள் ஹல் நகர மண்டபத்திலும் புதிதாகப் பதிவுசெய்தனர். ஹல் பதிவில் தொடக்கப் பாடல்கள் சிலவற்றுக்கு பேஸ் கிற்றாரின் ஒலி விழவில்லை. லீட்ஸ் தப்பியது. ஆனால் லீட்ஸ் நாடாவிலும் இடையிடையே 'கிளிக்' என்ற இரைச்சல் இருந்தது. அதை மறைப்பதற்குப் பதிலாக, இரைச்சல் இருப்பது சரியே, அதைத் திருத்த வேண்டாம் என்ற பொருள்படத் தட்டின் நடுவில் கையெழுத்தில் ஒரு குறிப்பை இட்டுவிட்டனர். உறையும் கள்ளப் பிரதி போன்ற பழுப்பு நிறக் கடதாசிதான். 2006 இல் அந்த மண்டபத்துக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். மாணவர்கள் சோறுண்ணும் மண்டபத்துக்கு அப்படியொரு கௌரவம்!

இதற்கு மறுமுனையில் நிற்பது தின் லிசி குழுவினரின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்'. 1978 இல் வெளியான இத்தட்டைச் சிறந்த மேடைப் பதிவுகளுள் ஒன்றெனப் பலரும் கொண்டாடுவர். ஆனால் அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கொண்டி, அதில் 75 வீதம் பின்னர் கலையகத்தில் மீளப் பதிவானது என்றார். குழுவின் முகாமையாளர் தரப்போ, 75 வீதம் மேடையில் நிகழ்ந்தது என்று மறுத்தது. ஒரே எண், நேரெதிரான இரு வாக்குமூலங்கள். நீதிமன்றச் செய்தி எழுதியவர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் பாடல்கள் இன்றும் உடலைச் சிலிர்க்க வைக்கின்றன. பொய்யாயிருக்கக்கூடிய ஒன்று மெய்யான சிலிர்ப்பைத் தருவதே இதிலுள்ள சிக்கல்.

ஜப்பானில் நாடாக்களுக்குப் பொறுப்பாயிருந்த அதே மார்ட்டின் பேர்ச், 13 ஆண்டுகளின் பின் மெட்டல் இசையின் மாபெரும் மேடைத் தட்டையும் உருவாக்கினார். 1985 இல் வெளியான அயர்ன் மெயிடன் குழுவினரின் 'லைவ் ஆஃப்டர் டெத்' அது. 1984 ஓகஸ்டில் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த போலந்தில் தொடங்கி, ஏறத்தாழ 11 மாதங்கள் நீண்ட சுற்றுப்பயணத்தின் சாட்சியம். தட்டின் பெரும்பகுதி கலிபோர்னியாவின் லோங் பீச் அரங்கில் பதிவானது. தட்டு தொடங்குவது வின்ஸ்டன் சேர்ச்சிலின் போர்க்காலப் பேச்சுடன். அப்பேச்சு 1940 ஜூன் 4 அன்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிகழ்த்தப்பட்டது. ஆனால் அன்று சபையில் ஒலிப்பதிவு வசதி இல்லை. உலகம் அறிந்த அந்தக் குரல், 1949 இல் சேர்ச்சில் மறுபடி வாசித்துப் பதிவுசெய்தது. வரலாறே கலையகத்தில் மீளப் பதிவாகியிருக்கும்போது, தின் லிசியை மட்டும் எப்படிக் குறைகூறுவது?

இதை எழுதும்போது என் மீதும் ஒரு குற்றச்சாட்டு இருப்பதை மறைக்க இயலாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலம் கடந்து வந்த ஒரு மூதாட்டியின் வாக்குமூலத்தை எங்கள் செய்தியாளர் ஒலிநாடாவில் பதிந்து வந்தார். அதைச் செம்மைப்படுத்தியவன் நான். அந்த அம்மா மழையைச் சொல்வார், நெரிசலைச் சொல்வார், இடையிடையே, "கதவைப் பூட்டினனானோ தெரியேல்லை" என்பார். அந்த ஒரு வரி ஐந்தாறு தடவை வந்தது. கூறியது கூறல் குற்றமென்று கற்றவனாதலால் அனைத்தையும் நீக்கிவிட்டேன். செய்தி அழகாக அமைந்தது, பாராட்டும் கிடைத்தது. சில வாரங்களின் பின் அவரை நேரில் கண்டபோது, யாரோ வாசித்துக் காட்டியதாகச் சொல்லிவிட்டு, "தம்பி, நான் இவ்வளவு வடிவாய்க் கதைக்கேல்லையே" என்றார். கோபத்துடன் அல்ல. அது தன்னுடையதன்று என்று திருப்பித் தருவது போல.

அதன் பின்னரே 'த கொன்சேர்ட் ஃபோர் பங்களாதேஷ்' தட்டின் அருமை எனக்கு விளங்கிற்று. 1971 ஓகஸ்ட் 1 அன்று, ரவி சங்கரின் வேண்டுகோளுக்கிணங்க ஜோர்ஜ் ஹரிசன் நியூயோர்க்கின் மடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் இரு நிகழ்ச்சிகளை நடத்தினார். அன்று பங்களாதேஷை எந்த நாடும் அங்கீகரித்திருக்கவில்லை. அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தனர். ரவி சங்கரும் அலி அக்பர் கானும் கருவிகளுக்குச் சுருதி சேர்த்து முடித்ததும், கச்சேரியே முடிந்ததென எண்ணி அரங்கம் கைதட்டியது. நுழைவுச் சீட்டு வருவாயான ஏறத்தாழ 243,000 டொலர் யுனிசெவ் நிறுவனத்துக்கு விரைவில் போய்ச் சேர்ந்தது. தட்டின் வருவாயோ முன்கூட்டிய ஏற்பாடின்மையால் வரிச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிற்று. மூன்று தட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பும் இரு நிகழ்ச்சிகளிலிருந்து தெரிந்து தொகுக்கப்பட்டதே. ஆயினும் அந்த அசட்டுக் கைதட்டலை அவர்கள் வெட்டவில்லை. இரு உலகங்கள் ஒன்றையொன்று அறியாமலே அன்புடன் சந்தித்த கணம் அதுவே என்று உணர்ந்தவர்கள் அவர்கள்.

தொகுப்பது பாவமன்று. தொகுக்காமல் பத்திரிகையும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. ஆனால் எதை வெட்டினால் ஆளே இல்லாமற் போய்விடுமோ அதை அறிந்திருக்க வேண்டும். நான் அறிந்திருக்கவில்லை.

ஜப்பானிய மூன்று இரவுகளும் பெரும்பாலும் முழுமையாக 1993 இல் மூன்று குறுவட்டுகளாக வெளிவந்துவிட்டன. இன்று எவரும் ஒப்பிட்டுக் கேட்கலாம். மூதாட்டியின் ஒலிநாடாவோ அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் தொலைந்து போயிற்று. அது என்னிடம் இருந்திருக்குமாயின், லீட்ஸ் தட்டில் எழுதப்பட்டிருந்த அதே அறிவுறுத்தலை அதன் உறையில் என் கையெழுத்தால் எழுதி வைத்திருப்பேன்.